ஒரே ஊசி செய்தி சரி, அந்த ஞாயித்துக்கிழமை மாத்திரைய பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் சார். டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், நானே தான் பார்மசிஸ்ட். போன வாரம் உங்க பேப்பர்ல லூபஸ்ங்கிற, உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற நோய்க்கு ஒரே ஊசியில தீர்வுன்னு கொட்ட எழுத்துல ஒரு செய்தி வந்துச்சுல்ல, அதுக்கு மறுநாளே கடைக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, அதோட அம்மாவுக்கு சரவாங்கி, அதான் முடக்குவாதம், அதுவும் அதே வகை நோய் தான், "அண்ணே, ஒரு ஊசி போட்டா எல்லாம் சரியாகிடுமாமே, அது வர்ற வரைக்கும் இந்த கேன்சர் மாத்திரைய நிறுத்தி வச்சிரவா"ன்னு கேக்குது. கேன்சர் மாத்திரைன்னு அது சொன்னது மெத்தோட்ரெக்ஸேட்ட, சரவாங்கிக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுற மாத்திரை. இந்த கேள்வி ஒருத்தர் ரெண்டு பேரோட நிக்காது, அதான் எழுதுறேன்.

செய்தி பொய்யின்னு சொல்ல வரல. ஜெர்மனியில எர்லாங்கன்ங்கிற ஊர்ல கேயார்க் ஷெட்னு ஒரு டாக்டரோட டீம் பண்ண வேலை அது, 2021ல ஒரு லூபஸ் பொண்ணுக்கு ஆரம்பிச்சாங்க, 2024 பிப்ரவரியில பதினஞ்சு பேரோட ரிசல்ட்ட வெளியிட்டாங்க, அதுல எட்டு பேர் லூபஸ், மத்தவங்க தசை அழற்சி, தோல் இறுகுற நோய்க்காரங்க. நோயாளியோட ரத்தத்துல இருந்தே டி செல்ங்கிற வெள்ளை அணுவ எடுத்து, லேப்ல அதோட ஜீன மாத்தி, நம்ம உடம்பையே தாக்குற ஆன்டிபாடிய உண்டாக்குற பி செல் கூட்டத்த தேடி அழிக்கிற மாதிரி பழக்கி திரும்ப ஏத்துறாங்க, இதுக்கு கார்-டி சிகிச்சைன்னு பேரு. சில மாசம் கழிச்சு புதுசா பி செல் முளைக்குது, ஆனா நோய் திரும்பல, எட்டு லூபஸ்காரங்களுக்கும் நோய் அடங்கிடுச்சு, ஸ்டீராய்டு உட்பட எல்லா மாத்திரையும் நிறுத்திட்டாங்க. படிக்கும்போது எனக்கும் புல்லரிச்சது சார், சும்மா சொல்லல.

ஆனா ஒரே ஊசின்னு போட்டீங்க பாருங்க, அங்க தான் இடிக்குது. செல்ல ஏத்துறதுக்கு முன்னாடி கீமோ குடுக்கறாங்க, ஏத்தினப்புறம் ஆஸ்பத்திரியில வச்சு காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் எல்லாம் பாக்கணும். ஆய்வுல சேர்ந்தவங்க எல்லாம் மத்த மருந்து கேக்காத கடுமையான கேஸ். ஒப்பிட்டு பாக்க வேற மருந்து குடுத்த இன்னொரு குரூப்பும் அதுல இல்ல. பாதி பேருக்கு மேல ஒன்னே கால் வருஷமோ அதுக்கும் கம்மியாவோ தான் கவனிச்சிருந்தாங்க. நம்ம நாட்டுல ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து இதே கார்-டி வகையில ஒன்னு பண்ணி 2023 அக்டோபர்ல அனுமதி வாங்கினாங்க, பெருமையான விஷயம் தான், ஆனா அது ரத்தப் புற்றுநோய்க்கு, அமெரிக்கா விலைய விட பல மடங்கு கம்மின்னாலும் லட்சக்கணக்குல ஆகுது. சரவாங்கிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில மாசா மாசம் டோக்கன் போட்டு நிக்கிற அம்மாவுக்கு அது நாளைக்கே வந்துரப் போறதில்ல.

இந்த மாதிரி அதிசயச் செய்தி வாத நோய்க்கு புதுசும் இல்ல. 1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல பிலிப் ஹெஞ்ச் ஒரு சரவாங்கி பொண்ணுக்கு கார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டாரு, படுக்கையில கிடந்தவங்க சில நாள்ல எழுந்து நடந்தாங்க, 1950ல அவருக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன்னு இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசே வந்துருச்சு. அப்புறம் தான் மூஞ்சி வீங்குறது, எலும்பு கரையிறது, சுகர் ஏறுறதுன்னு ஒவ்வொன்னா தெரிஞ்சது. அந்த குடும்பத்து மருந்து தான் இன்னைக்கும் நம்ம ஊர்ல பழைய சீட்ட காட்டி "அந்த சின்ன வெள்ள மாத்திரை குடுங்க, அது போட்டா தான் எழுந்திரிக்க முடியுது"ன்னு வாங்குறாங்க. சீட்டு இல்லாம தர மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்கு போயிடுறாங்க.

இப்ப அந்த பொண்ணு சொன்ன கேன்சர் மாத்திரைக்கு வர்றேன். அது மெத்தோட்ரெக்ஸேட். இதுக்கு பின்னாடி இருக்குற கதை நம்மாளுங்களுக்கே தெரியல. ஆந்திராவுல பீமவரத்துல பிறந்து நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்ரகட சுப்பாராவ் 1920கள்ல அமெரிக்கா போனாரு, பின்னாடி லெடர்லிங்கிற கம்பெனியில ஆராய்ச்சிய நடத்தினாரு. அவரோட டீம் 1945 வாக்குல ஃபோலிக் ஆசிட்ங்கிற வைட்டமின லேப்ல செஞ்சது, அதுக்கப்புறம் அந்த ஃபோலிக் ஆசிட்டயே எதுக்கிற மருந்துகளையும் செஞ்சது, அந்த வரிசையில வந்தது தான் மெத்தோட்ரெக்ஸேட். முதல்ல ரத்தப் புற்றுநோய் குழந்தைங்களுக்கு இந்த வகை மருந்த குடுத்தாங்க, 1980கள்ல சரவாங்கிக்கு முறையா சோதிச்சு நிரூபிச்சாங்க. இன்னைக்கு நான் ஒரே சீட்டுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்த்து எடுத்துக் குடுக்குறேன், ரெண்டுக்கும் பின்னாடி இருக்கறது ஒரே மனுஷனோட டீம். அவர் 1948லயே இறந்துட்டாரு, சரவாங்கிக்கு இது அடிப்படை மருந்தா ஆனத பாக்கவே இல்ல.

கேன்சருக்கு கிராம் கணக்குல கூட ஏத்துவாங்க. சரவாங்கிக்கு வாரத்துக்கு ஒரு நாள், ஏழரை மில்லிகிராம்ல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும், அவ்வளவு தான். ஆனா அட்டைக்குள்ள இருக்குற பேப்பர்ல கேன்சர்னு இருக்கும், பேரன் கூகுள்ல பாத்தாலும் கேன்சர்னு வரும், உடனே வீட்டுல பயந்து ஃபோலிக் ஆசிட்ட மட்டும் சத்து மாத்திரைன்னு தொடர்ந்து போட்டுட்டு மெயின் மாத்திரைய விட்டுடுறாங்க. வேலை செய்ய ஆறுல இருந்து பன்னண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள "வலி குறையலயே"ன்னு விடுறவங்க வேற. மூட்டு ஒரு தடவை அரிச்சு கோணிடுச்சுன்னா எந்த மருந்தும் அத நிமிர்த்தாது, முதல் சில மாசத்துலயே மருந்த ஆரம்பிக்கணும்னு டாக்டருங்க தலையால அடிச்சுக்கறது இதுக்குத்தான்.

இதுக்கு நேர் எதிர்பக்கம் இன்னும் பயங்கரம். வாரம் ஒன்னுங்கறத மறந்து தினம் ஒன்னு போட்டுடுறது. வாயெல்லாம் புண்ணு, வெள்ளை அணு இறங்கி, உயிரே போயிருக்கு, இது உலகம் பூரா நடக்குற தப்பு, ஐரோப்பாவுல மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2019ல இதுக்குன்னே அட்டையில எச்சரிக்கை போடச் சொல்லுச்சு. நான் கவர் மேல "ஞாயிறு மட்டும்"னு சிவப்பு பேனாவுல எழுதி, வாங்குறவங்க வாயால ஒரு தடவை சொல்ல வச்சு தான் குடுக்கறது. அப்புறம் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குன்னு வேற டாக்டர் கோ-ட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாடிக் எழுதிருந்தா மெத்தோட்ரெக்ஸேட் போடுறோம்னு அவர்கிட்ட கட்டாயம் சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா எலும்பு மஜ்ஜை படுத்துடும். குழந்தைக்கு பிளான் பண்ற பொண்ணுங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசி மாத்திக்கணும். ரத்த டெஸ்ட், லிவர் டெஸ்ட் விடக்கூடாது. சரக்கு சுத்தமா வேண்டாம், இத சொன்னா தான் சில அண்ணன்மாருக்கு மாத்திரை மேலயே கோவம் வருது.

புது ஆராய்ச்சி போடாதீங்கன்னு சொல்லல சார், நிறைய போடுங்க. நோய் வர்றதுக்கு முன்னாடியே தடுக்க முடியுமான்னு லண்டன் டாக்டர்கள் அபாடசெப்ட்ங்கிற ஊசி மருந்த வச்சு நடத்தின ஆய்வு 2024ல வந்துச்சு, மூட்டுவலியும் ரத்தத்துல ஆன்டிபாடியும் இருந்தவங்களுக்கு ஒரு வருஷம் குடுத்ததுல ஆறு சதவீதம் பேருக்கு தான் சரவாங்கி வந்துச்சு, மருந்தில்லாத ஊசி போட்டவங்கள்ல இருபத்தொன்பது சதவீதம். ஆனா மருந்த நிறுத்தி இன்னொரு வருஷம் போனதும் அது இருபத்தஞ்சு, முப்பத்தேழுன்னு கிட்ட வந்துடுச்சு. ரெண்டாவது வரிய விட்டுட்டு முதல் வரிய மட்டும் போட்டா அது வேற செய்தியாயிடும்ல.

அதனால அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி போடும்போது எத்தனை பேர், எவ்வளவு நாள் பாத்தாங்க, நம்ம ஊர்ல கிடைக்குமாங்கற மூணையும் தலைப்பு பக்கத்துலயே போட்டுடுங்க. கீழ ஒரு சின்ன கட்டம் கட்டி, இப்ப போடுற மாத்திரைய டாக்டர கேக்காம நிறுத்தாதீங்க, மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்னு ரெண்டு வரி போதும். எழுதித்தர ஆள் வேணும்னா சென்னை அரசு பொது மருத்துவமனையில வாத நோய்க்கு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு, அங்க கேட்டு பாருங்க, இடம் பத்தலன்னா ராசிபலன்ல ரெண்டு ராசிய ஒரு நாளைக்கு சுருக்கிக்கலாம்.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் வாசகர்