பழைய வால்வோ வேகன் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள கார்த்திக்,

நீ அனுப்பிய 1990 வால்வோ 240 வேகனின் படங்களைப் பார்த்தேன். மீட்டரில் 1,42,000 மைல்தான் என்று விற்பவர் பெருமையாக எழுதியிருக்கிறார். அந்த எண்ணை முதலில் மறந்துவிடு. இந்த வண்டியின் ஓடோமீட்டருக்குள் பொடிப் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று உண்டு. வயதாகி உடையும், வண்டி ஓடும்போதே ட்ரிப் மீட்டரை ஜீரோவாக்கினால் இன்னும் சீக்கிரம் உடையும். ஸ்பீடு முள் ஒழுங்காக ஆடும், மைல் மட்டும் ஏறாது. ஓட்டிப் பார்க்கும்போது கடைசி இலக்கம் நகர்கிறதா என்று பார். நகர்ந்தாலும் நடுவில் எத்தனை வருஷம் நின்றுபோயிருந்ததோ, யார் கண்டது? சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கிப் படி.

எஞ்சினைப் பற்றி நீ கவலைப்படுகிறாய். கவலைப்பட வேண்டியது பாடியைப் பற்றி. இதிலுள்ள B230F எஞ்சின் 2.3 லிட்டர், இரும்பு பிளாக். பராமரித்தால் மூன்று லட்சம் மைல் தாண்டுவது இதில் அதிசயமில்லை. நீ இருக்கும் நியூஜெர்ஸியிலோ குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு. பின்கதவின் கீழ் விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடங்கள், பேட்டரித் தட்டுக்கு அடியில் உள்ள தகடு, பின்பக்கம் ஸ்டெப்னி இருக்கும் குழி, இவற்றையெல்லாம் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டிப் பார். உள்ளே இறங்கினால் விலை பேசாமல் வந்துவிடு. வெல்டிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

1990 மாடல் என்பதால் ஒரு தலைவலி இல்லை. 1980 முதல் 1987 வரை வந்த வண்டிகளில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டிலும் எண்ணெயிலும் பொடிப்பொடியாக உதிரும். செம்பு வெளியே தெரிந்து ஒன்றோடொன்று உரசி, புரியாத கோளாறெல்லாம் வரும். பழைய மாடல் எதையாவது யாராவது உன் தலையில் கட்டப் பார்த்தால், ஆல்டர்னேட்டர் பக்கம் போகும் வயரை மெல்ல வளைத்துப் பார். உறை வெடித்தால் முழு ஹார்னஸையும், அதாவது வயர் கட்டு முழுவதையும், மாற்ற வேண்டும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதிகச் செலவில்லாதது. ஆனால் பலரும் செய்வதில்லை. எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஃபிளேம் டிராப் என்ற சின்னப் பிளாஸ்டிக் வட்டு இருக்கிறது, நடுவே துளைகளோடு. பிளாக்கின் இடது பக்கம் உள்ள ஆயில் செபரேட்டர் பெட்டியிலிருந்து வரும் புகை இதன் வழியாகத்தான் எஞ்சினுக்குள் திரும்பப் போக வேண்டும். வட்டு கருப்புப் பிசினால் அடைந்தால் எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, கிடைத்த இடத்தில் எண்ணெயைத் தள்ளும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் சீல் ஒழுகும், அப்புறம் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க மெயின் சீல். அந்தக் கடைசி சீலுக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதை மனதில் வை.

சோதிப்பது சுலபம். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, மெல்லிய ரப்பர் கையுறையை அந்த வாய்மேல் மாட்டு. உள்ளே இழுத்தால் நல்லது. ஊதி நின்றால் அடைப்பு. வட்டை மாற்று, குழாய்களை மாற்று, மேனிஃபோல்டுக்குப் போகும் சிறிய வாக்குவம் குழாயின் நிப்பிளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய். அதற்கும் அழுத்தம் குறையவில்லையா, பெட்டியையே மாற்று. இதைச் செய்யாமல் சீலை மட்டும் மாற்றுகிற மெக்கானிக்குக் கொடுக்கும் பணம் தண்டம். புது சீலும் சீக்கிரமே ஒழுகும்.

அடுத்தது டைமிங் பெல்ட், கிராங்கையும் கேமையும் சேர்த்துச் சுழல வைக்கும் பல் பட்டை. 50,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள். அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்டனில் இடிக்காது, ஆனால் நீ நெடுஞ்சாலையில் நின்றுவிடுவாய். அதற்கும் மேல், பெல்ட்டைக் கழற்றினால்தான் முன்பக்கம் மூன்று சீல்களும் கைக்கு எட்டும்: கேம், இன்டர்மீடியேட் ஷாஃப்ட், கிராங்க். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடு.

பெல்ட்டை எட்டக் கழற்ற வேண்டிய வரிசை: ஃபேன், டிரைவ் பெல்ட்டுகள், வாட்டர் பம்ப் புல்லி, பிறகு 24 மி.மீ. சாக்கெட்டில் கிராங்க் போல்ட். அது லேசில் அசையாது. புல்லியைப் பிடித்து நிறுத்தும் கருவி இல்லாமல் முயலாதே. டைமிங் குறி வைக்கும்போது புல்லியின் குறியை நம்பாதே. புல்லியின் வெளி வளையத்துக்கும் உள் வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது, அது பழசானால் வெளி வளையம் வழுக்கி இடம் மாறும். உள்ளே உள்ள பல்சக்கரத்தின் குறியைத்தான் பார்க்க வேண்டும். புது பெல்ட்டில் கோடுகள் அச்சிட்டிருக்கும்: இரட்டைக் கோடு கிராங்குக்கு, ஒற்றைக் கோடுகள் மற்ற இரண்டுக்கும். இன்டர்மீடியேட் ஷாஃப்ட் குறியை அலட்சியமாக விடாதே, 240-இல் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது அதுதான். டென்ஷனரை ஸ்ப்ரிங்கை அழுத்திப் பின்னால் தள்ளி, அதிலுள்ள துளையில் 3 மி.மீ. டிரில் பிட்டைச் செருகிப் பூட்டு. பெல்ட் மாட்டியதும் பிட்டை உருவிவிடு. கையால் கிராங்கை வலச்சுற்றாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா பார். நட்டைத் தளர்த்தி டென்ஷனரைத் தானாக நிலைகொள்ள விட்டு மறுபடி இறுக்கு. கிராங்க் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது 60 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதற்கு மேல் 60 டிகிரி திருப்பு.

மற்றவை சில்லறை. எலக்ட்ரிகல் புகார் எதுவானாலும் டிரைவர் காலடியில் இடது பக்கம் உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார். முனைகளில் பச்சை பூத்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய். பாதி நோய் அங்கேயே தீரும். வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல், ஆறியபின் ஆகிறதென்றால் ஃபியூயல் பம்ப் ரிலேயின் சால்டரில் விரிசல் விட்டிருக்கும். டாங்க் பாதிக்குக் கீழே போகும்போது அடியில் ஓவென்று சத்தம் வந்தால் டாங்குக்குள் இருக்கும் சின்ன பம்ப் போய்விட்டது, வெளியே உள்ள பெரிய பம்ப் தனியாக இழுக்கிறது. வேகனில் டிக்கித் தரைவிரிப்புக்கு அடியிலேயே அதற்கு மூடி உண்டு. பேட்டரியைக் கழற்றாமல் அதைத் திறக்காதே.

பின்கதவு வைப்பர், கண்ணாடி ஹீட்டர், நம்பர் பிளேட் விளக்கு ஒவ்வொன்றாகச் செத்தால் கதவுக் கீல் அருகே வயர் அறுந்திருக்கும். திறந்து மூடி அலுத்துப்போனது. சிலிக்கான் உறை வயராக வாங்கி இணை. எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் கட்டு தடித்து மறுபடி அறும், அதனால் முன்னும் பின்னுமாக வை.

ஹீட்டர் ப்ளோயர் கீச்சிட்டால் பதறாதே. அதை மாற்ற டாஷ்போர்டை ஏறக்குறைய முழுதாகப் பிரிக்க வேண்டும். உதிரிபாகத்தைவிடக் கூலி பல மடங்கு. சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, அது நிற்கும் குளிர்காலத்துக்கு முன் ஒரு நீண்ட வார இறுதியை ஒதுக்கி வை.

எஞ்சின் ஆயில் ஃபில்டரோடு 3.85 லிட்டர். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று வாரம் ஒருமுறை பார். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்தால்தான் உண்மையிலேயே கையைக் கடிக்கும்.

சனிக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகும்போது ஸ்க்ரூடிரைவரும் ரப்பர் கையுறையும் எடுத்துப் போ. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம், நீ வந்துதான் ஸ்டார்ட் செய்வாய் என்று அவரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்