மருந்து கணினியோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு எதிரான மூலக்கூறுகளைக் கணினி வழியே சலித்தெடுக்கும் ஆய்வு பற்றிய செய்தியைப் படித்தேன். வைரஸ் பெருக உதவும் நொதியோடு எது பொருந்தி அதை முடக்கும் என ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது காலத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும், மனதார வரவேற்கிறேன். ஆனால் திரையில் பொருந்துவதெல்லாம் செல்லுக்குள் வேலை செய்துவிடாது. 150-க்கும் மேற்பட்ட புரதங்களை உருவாக்கும் இந்த வைரஸ், பன்றியின் நோயெதிர்ப்பு செல்களுக்குள்ளேயே பெருகுகிறது. உயிருள்ள வைரஸின் மீது சோதிக்கப்படாத மூலக்கூறுகளின் பட்டியலால் பண்ணைக்காரருக்கு என்ன பயன்?

2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட இந்நோய், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளையும் கொன்றது. நோய் கண்ட பண்ணையொன்றுக்குக் கால்நடை மருத்துவராக நான் சென்றிருக்கிறேன். அறிகுறியே இல்லாத சினைப் பன்றிகளையும் கொன்று, குழியில் சுண்ணாம்புத்தூள் கொட்டி மூடினார்கள். கொடுப்பதற்கு என்னிடம் மருந்து ஏதும் இல்லை. கணினி ஆய்வாளர்கள் தேர்ந்தெடுக்கும் மூலக்கூறுகளை, போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தில் உடனுக்குடன் சோதிக்க மத்திய அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும். சோதனையில் தோற்றவற்றின் விவரங்களையும் வெளியிட வேண்டும்.

- கால்நடை மருத்துவர் ஒருவர், கூடலூர், நீலகிரி