கோரிக்கை மனு: மீன் உற்பத்தியில் முன்னணி மாவட்டம், எங்கள் கரையில் மீன் ஏலம் வெறும் மணலில்

பெறுநர்: ஆணையர் அவர்கள், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.

அனுப்புநர்: நாட்டுப்படகு மீனவர்கள் மற்றும் மீன் விற்கும் பெண்கள், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கிராமம், ராமநாதபுரம் மாவட்டம். (ஊர்ப் பெயரும் கையெழுத்துகளும் இணைப்பில்.)

பொருள்: கூரையுடன் ஏலக்கூடம், ஐஸ் வைக்கும் அறை, முத்திரையிட்ட தராசு கேட்டு.

ஐயா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் கரையில் சிமெண்ட் தரை போட்டு ஒரு கூரை, அதற்குள் ஒரு டன் ஐஸ் கரையாமல் நிற்கிற மாதிரி ஒரு சின்ன அறை, அரசு முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசு ஒன்று, நல்ல தண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கழிப்பறை. இவ்வளவுதான். துறைமுகம் கேட்கவில்லை, தூண்டில் வளைவும் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் சுவர்) கேட்கவில்லை.

ஏன் கேட்கிறோம் என்றால், மீன் கணக்கு பேசும்போதெல்லாம் எங்கள் மாவட்டத்தின் பெயர் வருகிறது. நாட்டிலேயே மொத்த மீன் உற்பத்தியில் ஆந்திராதான் முதலிடம், 2022-23ல் இந்தியா முழுக்க 175 லட்சம் டன் என்றால் அதில் 51 லட்சம் டன் அங்கிருந்து வந்தது, ஆனால் அது பெரும்பாலும் குளத்து மீனும் வளர்ப்பு இறாலும். கடலில் பிடிப்பதை மட்டும் எடுத்தால் வரிசை மாறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2022ல் 7.22 லட்சம் டன்னோடு தமிழ்நாடு முதலிடம். 2024ல் குஜராத் 7.54 லட்சம், நாம் 6.79 லட்சத்தில் இரண்டாமிடம், கேரளா 6.10 லட்சம். மாநிலத்துக்குள் பார்த்தால் கடல் மீனில் முன்னால் நிற்பது ராமநாதபுரம் மாவட்டம். கடற்கரையே சுமார் 237 கிலோமீட்டர், மாநிலக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

இந்தக் கணக்கு எடுக்க அவ்வப்போது ஒரு தம்பி நோட்டுப் புத்தகத்தோடு வருவார். எத்தனை படகு போனது, என்ன வலை, காரல் எத்தனை கூடை, நண்டு எத்தனை கிலோ என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வார். நல்ல பையன், அவர் மேல் குறையே இல்லை. ஆனால் அவர் எழுதிக்கொண்டு போன மீன் அதற்குப் பிறகு என்ன விலைக்குப் போனது, எவ்வளவு கெட்டுப்போனது என்று எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அதனால் 17 மாதமாக நானே ஒரு நோட்டு போட்டு எழுதி வருகிறேன். நகல் இணைத்திருக்கிறேன், கையெழுத்து கொஞ்சம் மோசம், மன்னிக்கவும்.

அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். போன மே மாதம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை, அந்த நாட்களில் இந்தப் பக்கத்துச் சந்தைக்கு வருகிற கடல் மீன் எங்கள் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான், அதாவது வருடத்திலேயே எங்களுக்கு நாலு காசு நிற்க வேண்டிய காலம் அது. அன்றைக்குக் காலை ஐந்தரைக்கு வலையில் சிக்கியதைக் கழற்றி முடித்தோம். நீலக்கால் நண்டு 46 கிலோ, எங்கள் வீட்டுத் தராசில் நானே போட்ட எடை. வாங்குகிறவர்களின் வண்டி எட்டரைக்குத்தான் வந்தது. ஐஸ் வாங்க 14 கிலோமீட்டர் போக வேண்டும், ஷேர் ஆட்டோவில் சாக்கு சுற்றிக் கொண்டுவந்த ஒரு பார் ஐஸ் கரை வந்து சேரும்போது முக்கால்தான் மிச்சம், அதை இத்தனை கூடைக்கு எப்படிப் பங்கு போடுவது? வெயில் ஏற ஏற நண்டு கால் உதிர்க்க ஆரம்பித்துவிட்டது. வாளியில் கடல்தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள் என் தங்கை, அதுவும் சூடாகத்தான் இருந்தது. வண்டிக்காரர் தராசில் 41 கிலோ. அதிலும் செத்தது, கால் போனது, தண்ணி நண்டு என்று ஒதுக்கி, நல்ல விலை கிடைத்தது 29 கிலோவுக்கு மட்டும். தண்ணி நண்டை ஒதுக்குவது நியாயம்தான், அதில் சதை இருக்காது. மற்றதெல்லாம் மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்ததால் வந்த நஷ்டம், கடலில் நஷ்டமில்லை.

ஏன் காத்திருந்தீர்கள், வேறு ஆளுக்குக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் வாங்கியிருக்கிறோம், அதனால் மீன் அவர்களுக்குத்தான் போக வேண்டும். அது எங்கள் தலைவலி, அதைத் தீர்க்கச் சொல்லி இந்த மனு இல்லை. ஆனால் ஐஸில் மீன் நாலு மணி நேரம் தாங்கும் என்றாலே எங்களுக்குப் பேரம் பேச வாய் வரும். எடை எங்கள் கண் முன்னால் பொதுத் தராசில் நடந்தால் ஐந்து கிலோ காற்றில் போகாது.

அப்புறம் ஒரு விஷயம், எழுதவே கூச்சமாக இருக்கிறது. பரமக்குடி சந்தையில் ஆந்திரா ரோகுவும் கட்லாவும் ஐஸ் பெட்டியில் பளபளவென்று இருக்கிறது. பீமவரம், ஆகிவீடு பக்கம் குளத்தில் பிடித்ததும் ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி லாரி ஏற்றிவிடுகிறார்கள், அது கொல்கத்தா, அசாம் வரைக்கும் கெடாமல் போகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோகிற அன்றைக்குப் பிடித்த கடல் மீனை, கண் சிவந்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆந்திராக்காரர்கள் முதலிடத்தில் இருப்பது குளத்தால் மட்டுமா, ஐஸாலும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாவட்டத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. மூக்கையூரில் துறைமுகம் வந்தது, குந்துகாலில் இறங்குதளம் வந்தது, சந்தோஷம். ஆனால் அவை பெரிய படகுகளுக்குத் தோதானவை. இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைக் கட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற எங்களுக்கு மூக்கையூர் எதற்கு? (வாரத்தில் விசைப்படகு மூன்று நாள், நாட்டுப்படகு நாலு நாள் கடலுக்குப் போவது என்ற ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்ற சண்டையை இந்த மனுவில் இழுக்கவில்லை. அதற்குத் தனியாக வருவோம்.)

கரையில் கட்டடம் கட்டக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி இடம் கொடுக்காது என்று முன்பு ஒருமுறை வாய்மொழியாகச் சொன்னார்கள். விதியைப் படித்துப் பார்த்தோம். உள்ளூர் மீனவர்களுக்கான ஏலக்கூடம், மீன் உலர்களம், வலை பின்னும் கூடம், ஐஸ் நிலையம் போன்றவற்றுக்கு அதிலேயே அனுமதி இருக்கிறது. பணத்துக்கு 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இறங்குதளம், ஐஸ், குளிர்பதன வசதி எல்லாம் சேர்த்தி. இடம் ஊர்ப் புறம்போக்கில் 12 சென்ட் தயாராக இருக்கிறது, கிராமக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதையும் இணைத்திருக்கிறோம். கட்டியபின் கரண்ட் பில், தராசு பராமரிப்பு, கழுவி விடுகிற ஆள் சம்பளம் எல்லாம் கிலோவுக்கு ஒரு ரூபாய் பிடித்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பாதியில் பூட்டிப்போட மாட்டோம்.

63 பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள், அதில் 9 கைரேகை. மனுவுக்குப் பதிலாக ஒரு எண் மட்டும் வந்து நின்றுவிடாமல், ஒரு பொறியாளரையாவது அனுப்பி இடத்தை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே வருவதாக இருந்தால் காலை ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள் ஐயா, ஒன்பதுக்கு மேல் வந்தால் வெறும் மணல்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஊர் நாட்டுப்படகு மீனவர்கள், மீன் விற்கும் பெண்கள் சார்பாக