கயிற்றை அழிக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மருமகளையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். போன வாரம் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "நான் எதையும் வரைவதில்லை அப்பா, அழிக்கிறேன். சினிமாவில் ஹீரோவைத் தொங்கவிட்ட கயிற்றைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பிரேமாக அழிப்பதுதான் என் வேலை. அது கண்ணுக்குத் தெரிந்தால் நான் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்" என்றாய். அப்போது உன் குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் சாயங்காலமே அம்மாவை அழைத்துக்கொண்டு நீ வேலை செய்த அந்தப் படத்துக்குப் போனேன். ஹீரோ மாடிக்கு மாடி தாவும்போது அரங்கமே விசில் அடித்தது. நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே கயிறு இருந்திருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. படம் முடிந்து எல்லோரும் போன பிறகும் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அரங்கைப் பெருக்கத் துடைப்பத்தோடு வந்த பெண் எங்கள் வரிசையைக் கடைசிக்கு விட்டுவைத்தார். பொடி எழுத்தில் உன் பெயர் மேலேறிப் போனது. உன் அம்மா அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த வரிசையில் வந்தது, யார் பெயருக்குக் கீழே வந்தது என்று கொருக்குப்பேட்டை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

உனக்கு இரும்புக்கை மாயாவியை நினைவிருக்கிறதா? சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வரத் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். எனக்கு அப்போது பத்து வயது. இங்கிலாந்தில் 1962-இல் பிறந்த கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நகர்ந்து வரும். தொடக்கத்தில் அவர் நல்லவரும் அல்ல. தவறான வழியில் போய்த் திரும்பி வந்தவர். அதனாலேயே எனக்கு அவரைக் கூடுதலாகப் பிடிக்கும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் நின்றபடியே பாதிக் கதையைப் படித்துவிடுவேன், கடைக்காரர் ஒருநாளும் விரட்டியதில்லை. அந்த மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. உன்னை அங்கே அழைத்துப் போக முடியாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

துறைமுகத்தில் சிக்னல்மேனாகச் சேர்ந்த பிறகு அந்த இரும்புக்கையை அடிக்கடி நினைத்திருக்கிறேன். சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டுபவருக்குக் கப்பலின் ஹேட்ச் என்னும் சரக்கு வாய்க்குள்ளே இருக்கும் ஆட்கள் தெரியமாட்டார்கள். விளிம்பில் நிற்கும் என் கையைப் பார்த்துத்தான் அவர் சரக்கை இறக்குவார், நிறுத்துவார். கீழே நிற்பவர்களின் உயிர் அந்தக் கையில் இருந்தது.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். இரும்பு வடத்தை வெறும் கண்ணால் நம்பக் கூடாது. பழைய பருத்தித் துணியை அதன்மேல் சுற்றி மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். வெளிப்புறத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அதன் நுனி முள்போலத் துணியைப் பிடிக்கும். ஒருநாள் அப்படிப் பிடித்தது. கையை உயர்த்தி வேலையை நிறுத்திவிட்டேன். கப்பல் தாமதமாகிறது என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். பிறகு அந்த வடத்தை வெட்டிப் பிரித்தார்கள். வெளியே கிரீஸ் பளபளத்தது, உள்ளே தேயிலைத் தூள்போலத் துரு உதிர்ந்தது. அன்று ஹேட்ச்சுக்குள் பதினொரு பேர் இருந்தார்கள்.

அதனால்தான் உன் வேலை எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தில் கிறிஸ்டோபர் ரீவைக் கம்பியில் தொங்கவிட்டுத்தான் பறக்கவைத்தார்கள். கம்பியை அழிக்க அன்று கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணுக்குத் தெரியக் கூடாதென்றால் கம்பியை மெல்லியதாக்கத்தான் தோன்றும். மெல்லிய கம்பியில் மனிதனைத் தொங்கவிடுவது எப்படிப்பட்டது என்று வடத்தோடு வாழ்ந்த எனக்குத் தெரியும். இன்று நீ அழித்துக் கொடுப்பாய் என்ற தைரியத்தில் தடிமனான கயிறாகவே கட்டலாம், வேண்டுமானால் இன்னொன்றும் சேர்த்துக் கட்டலாம். அந்த ஸ்டண்ட் கலைஞர் சாயங்காலம் முழு உடம்போடு வீடு திரும்புவதில் உனக்கும் பங்கு இருக்கிறது. இதை உன்னிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நீ பெங்களூரில் இருந்தாய். காசிமேட்டு மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் போனார்கள். ஒரு படகு நம் தெருவுக்கும் வந்தது. தெருமுனையில் தண்ணீர் இழுத்த வேகத்தில் அது நிலைகொள்ளவில்லை. கயிற்றின் ஒரு முனையை நான் மாடிப்படித் தூணில் கட்டினேன். மறுமுனையை இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் மார்பளவு தண்ணீரில் நின்று தோளில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். படகு ஏழு தடவை போய் வந்தது. கயிற்றை விட்டபோது அவன் உள்ளங்கை வெளுத்துச் சுருங்கி, நடுவில் தோல் உரிந்திருந்தது. அம்மா கொடுத்த பாலில்லாத தேநீரை விரல்களால் பிடிக்க முடியாமல், டம்ளரை இரு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துக் குடித்தான். பெயரைக் கேட்பதற்குள் படகு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்தான். அதில் படகும் குழந்தைகளும் தெளிவாக இருக்கிறார்கள். கயிறு படத்தின் வலது ஓரம்வரை போகிறது. அதற்கு அப்பால் படம் இல்லை.

அந்த போட்டோவையும் என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே இரும்புக்கை மாயாவி புத்தகத்தையும் பேரனுக்காக இதோடு அனுப்புகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு இன்னும் வராது, நீதான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். போட்டோவைக் காட்டும்போது கயிறு எங்கே போகிறது என்று அவனிடம் கேள். என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுது. புத்தகத்தின் நடுத்தாள் கழன்றிருக்கிறது, பசை போட வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது எடுத்துவா, நானே ஊசி நூலால் தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா