"ஒன்றும் செய்யாது" என்று எப்படி எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் போதும், ஒன்றும் செய்யாது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நாங்கள் தாராவியில் இருக்கிறோம். என் மகளுக்கு 17 வயது. போன வருஷம் மேலுதட்டோரம் எட்டணா அளவுக்கு நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம் வந்து எரிந்தது. அக்கி என்று சொல்லி என் மாமியார் காவி பூசினார். எரிச்சல் அடங்கியது, கறுப்பு மட்டும் நின்றது. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே வட்டம், கூடவே கட்டைவிரல் பக்கத்தில் இன்னொன்று. சூடு, பல்லி எச்சம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், பிள்ளை முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு காலேஜ் போனாள். நாலாவது மாதம் ஒரு தோல் டாக்டர்தான் மாதாமாதம் ஏதாவது மாத்திரை போடுகிறாளா என்று கேட்டார். மருந்து ஒவ்வாமையாம் இது, அந்த மருந்து உள்ளே போகும்போதெல்லாம் அதே இடத்தில் எழும்புமாம். என்ன மாத்திரை என்றார், பையிலிருந்து அட்டையை எடுத்தேன். மெடிக்கலில் கத்தரிக்கோலால் இரண்டை வெட்டிக் கொடுத்ததில் பெயர் இருந்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது. திரும்ப ஓடிப்போய்க் கேட்டு வந்தேன், நீங்கள் எழுதிய அதே மெஃபனமிக்தான். சீட்டு கேட்காமல் கொடுக்கிறார்கள், பெயரையாவது முழுசாகக் கொடுக்கக் கூடாதா?

இந்த மெஃபனமிக் பற்றி இந்திய மருந்தியல் ஆணையமே 2023 நவம்பரில் எச்சரித்தது உங்களுக்குத் தெரியாததில்லை. அவர்கள் சொன்னது என் மகளுக்கு வந்தது அல்ல, காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு என்று தொடங்கி ஈரல்வரை பாதிக்கும் வேறொரு ஒவ்வாமை, மாத்திரை போட்டு இரண்டிலிருந்து எட்டு வாரம் கழித்துக்கூட வருமாம். அத்தனை நாள் கழித்து வந்தால் மாத்திரை யாருக்கு நினைவிருக்கும்? மற்ற வலி மாத்திரைகளான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஏன் பாரசிட்டமாலில்கூட அபூர்வமாகத் தோல் உரிந்துபோவது உண்டு. தடிப்போடு வாயில் கொப்புளமும் கண் சிவப்பும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு வரி எழுத உங்களுக்கு இடமில்லை, வலி மாத்திரை விளம்பரத்துக்கு மட்டும் அரைப்பக்கம் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்னால் இந்த விளம்பரங்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை, சரி, அதை விடுங்கள்.

எல்லோருக்கும் இப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கு வந்தது. அடுத்த ஞாயிறு அந்த வரியைத் திருத்தி, மருந்தால் பக்கவிளைவு வந்தால் சொல்ல வேண்டிய இலவச எண் 1800-180-3024 என்பதையும் ஓரத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாராவி, மும்பை