ஸ்டெல்லாவுக்கு: சுவரில் மாட்டுவதும் வாயைக் கட்டுவதும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு முட்டி வலியைக் காரணம் சொல்லலாம். எழுதுவது கைதானே, முட்டிக்கு என்ன என்று நீ கேட்பாய். பேரன் பள்ளிக்கூடத்தில் ஒரு விவகாரம். பள்ளியில் மதம் பற்றி நீ கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததால், அது ஒரு பக்கம் ஓயட்டும், சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன். ஓயவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

ஊர்ச் செய்தி கொஞ்சம். புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னா திருவிழாவுக்கு இந்த முறை தங்கச்சியோடு போனேன். வழக்கம்போல் பொட்டும் பூவுமாக நம்மவர்கள் கூட்டம். சீனப் பாட்டிகள் வரிசையில் முந்தப் பார்த்தார்கள். உன் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பாலிக் பூலாவ் டுரியான் விலையைக் கேட்டதோடு திரும்பி வந்துவிட்டேன். மருமகன் இன்னும் வேலை மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டெக்சஸில் 2025-ல் சட்டம் போட்டு, அரசுப் பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொல்லியிருக்கிறார்கள், ஹூஸ்டனில் உன் பேரப்பிள்ளைகள் தினமும் அதைப் பார்ப்பார்கள், நல்லதுதானே, இதற்கு ஏன் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். 16 அங்குல அகலம், 20 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாதாம். அளவுகூடச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அளவில் சண்டை இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாயா? 'சிலை செய்யாதே' என்ற வரியும் இருக்கிறது. நீ சின்ன வயதில் பஸ்ஸில் என்னிடம் ஒப்பிப்பாயே, அந்தக் கத்தோலிக்க ஞானோபதேசப் பட்டியலில் அது தனிக் கட்டளையாக வராது. புரொட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் அதுதான் இரண்டாவது. ஆக, சுவரில் தொங்கப்போவது உன் பட்டியலே இல்லை! வீட்டில் மாதா சுரூபத்துக்கு மாலை போடும் உன் பேத்தி, பள்ளியில் அதைப் பார்த்தபடி உட்கார வேண்டும். அவள் பக்கத்தில் ஒரு தெலுங்குப் பிள்ளையோ குஜராத்திப் பிள்ளையோ இருந்தால் அது என்ன நினைக்கும்?

இது அங்கே புதுச் சண்டையும் இல்லை. 1980-லேயே கென்டக்கி மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டத்தை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், 1963-ல், பென்சில்வேனியாவில் காலையில் பைபிள் வாசித்துப் பள்ளியைத் தொடங்கும் வழக்கத்தை நிறுத்திய தீர்ப்பு எனக்குப் பிடித்த ஒன்று. பள்ளி பிள்ளைகளை வைத்து வழிபாடு நடத்தக் கூடாது என்றவர்கள், அதே தீர்ப்பில் பைபிளையும் மதங்களையும் பற்றிப் பக்கம் சாயாமல் பாடமாகப் படிப்பதற்குத் தடை இல்லை என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாதிதான்.

பேரன் விஷயம் இதுதான். அவன் தேசியப் பள்ளியில் 5-ஆம் ஆண்டு. மலாய்ப் பாடத்தில் பண்டிகைகள் பற்றி ஒரு பகுதி. டீச்சர் சின்ன வயசு மலாய்ப் பெண். புத்தகத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் போகாமல், உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறாள். ஒரு பையன் நோன்பைப் பற்றிச் சொன்னானாம். ஒரு சீனப் பெண், இறந்துபோன தாத்தாவுக்குக் காகிதக் கைப்பேசி எரித்ததைச் சொன்னாளாம், வகுப்பே சிரித்ததாம், அவளும் சேர்ந்து சிரித்தாளாம். நம்மவன் தண்ணீர்மலை முருகன் கோயில் காவடியைச் சொன்னான். அப்போது ஒருவன் எழுந்து, "அது கல்தானே? கல்லையா கும்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டான். "தெரியாது, பாட்டியைக் கேட்டுக்கொண்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று இவன் உட்கார்ந்துவிட்டான்.

வந்து கேட்டான். சிற்பி உளி பிடிக்கும்போது அந்தக் கல்லின் மேல் காலை வைத்து உட்கார்ந்துதான் செதுக்குவான், அப்போது அது கல்தான், கண் திறந்து, கும்பாபிஷேகத்தில் கும்பத்து நீரை ஊற்றிய பிறகுதான் நமக்கு அது சாமி என்று சொன்னேன். அந்தப் பையன் கேட்டதை நம் சித்தர்களே அவனைவிடக் காட்டமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் சொல்வதற்கு மனதிலேயே தயார் செய்துகொண்டு போனான்.

சொல்ல விடவில்லை. அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தீப்பிடித்துவிட்டது. நம்மவர்கள் ஒரு பக்கம், எங்கள் சாமியை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று. இன்னொரு பக்கம், என் பிள்ளை ஏன் வகுப்பில் காவடியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று. நிர்வாகம் டீச்சரைக் கூப்பிட்டு, புத்தகத்தில் இருப்பதை மட்டும் நடத்து என்று சொல்லிவிட்டது. இப்போது அவள் பயிற்சிப் புத்தகத்தைப் போட வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாளாம். எனக்கு அவளை நினைத்துத்தான் வருத்தம். ஒரு நல்ல ஆசிரியை இப்படித்தான் கெட்டுப்போவாள்.

முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கான மோரல், அதாவது நன்னெறிப் பாட டீச்சராக நான் இடைநிலைப் பள்ளியில் தள்ளிய காலத்தை நீ அறிவாய். மணி அடித்ததும் முஸ்லிம் பிள்ளைகள் வகுப்பிலேயே இஸ்லாமியப் பாட ஆசிரியை உஸ்தாஸாவோடு இருப்பார்கள். மற்றவர்கள் புத்தகத்தை அள்ளிக்கொண்டு சயன்ஸ் லேப்புக்கோ, கேன்டீனுக்கோ, எங்கே இடம் காலியோ அங்கே என் பின்னால் வருவார்கள். கேன்டீனில் மீ கோரெங் வாசனையில் 'நன்றியுணர்வு' நடத்தியிருக்கிறேன். அந்தக் காலத்து எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) மோரலில் 36 பண்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், சொல் மாறாமல் மனப்பாடம். முதல் பண்பு இறைநம்பிக்கை. உலகைப் படைத்த இறைவன் இருக்கிறான் என்று நம்பி, அவரவர் மதப்படி அவன் கட்டளைக்குப் பணிந்து நடப்பது என்கிற மாதிரி வரும். ஒரு முறை ஒரு சீனப் பையன், பரம சாது, எழுந்து கேட்டான்: "டீச்சர், எங்கள் வீட்டில் புத்தரைக் கும்பிடுகிறோம், அவர் எதையும் படைக்கவில்லையே, நான் என்ன எழுதுவது?" மதிப்பெண்ணுக்கு இருப்பதை எழுது, உன் கேள்வியை மணி அடித்த பிறகு பேசலாம் என்றேன். அவனோடு இன்னும் நாலு பேர் நின்றார்கள். பௌத்தத்தில் படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்பதை நான் சொல்ல, ஒரு மெதடிஸ்ட் பெண், அப்படியானால் யாரிடம் வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்க, அவன் தன் பாட்டி கெக் லோக் சி புத்தர் கோயிலில் என்ன செய்வாள் என்று சொல்ல, பஸ் போய்விட்டது. என் வேலைக்காலத்தில் அதைவிட நல்ல மோரல் வகுப்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை. பாடவேளைக்கு வெளியே நடந்தது என்பதுதான் கூத்து. பிறகு 2017-ல் படிவம் 1-இலிருந்து புதிய பாடத்திட்டம் வந்து அந்த 36-ஐ ஒப்பிக்கிற கொடுமை ஒழிந்தது. ஆனால் மணி அடித்ததும் பிரிந்து போவது அப்படியே இருக்கிறது.

அந்த உரையாடலில் ஒரு முஸ்லிம் பிள்ளை இல்லை பார். இருக்கவும் முடியாது, அவர்கள் வேறு அறையில். சேர்ந்து படிக்கிற பிள்ளைகள், கடவுள் பேச்சு வந்தால் மட்டும் தனித்தனி அறைக்குப் போகிறார்கள். திங்கட்கிழமை சபைக்கூடலில் எல்லோரும் ஒரே குரலில் ருக்குன் நெகாரா, நம் தேசியக் கோட்பாட்டைச் சொல்கிறார்கள். 1970-லிருந்து முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை. எந்த நம்பிக்கை, பக்கத்தில் நிற்பவன் நம்பிக்கை என்ன என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

சட்டம் தடுக்கிறதா என்றால், இல்லை. நான் எடுத்துப் படித்தேன். 1996 கல்விச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, ஒரு பள்ளியில் 5 முஸ்லிம் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களுக்கு இஸ்லாமியச் சமயக் கல்வி தர வேண்டும் என்கிறது. 51-ஆவது பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் வேறு சமயங்களையும் போதிக்கலாம், ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தைத் தொடக் கூடாது, வேறு மதத்துப் பிள்ளை உட்கார வேண்டுமானால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவும், தன் மதம் அல்லாத மதத்தின் போதனைக்கோ சடங்குக்கோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. (பணம் விஷயத்தில் எனக்குப் பொருமல் உண்டு, அதை நேரில் பார்க்கும்போது கொட்டுகிறேன்.) இவை எல்லாமே போதிப்பதைப் பற்றித்தான். பத்து வயசுப் பிள்ளை, நீ ஏன் இப்படிக் கும்பிடுகிறாய் என்று கேட்பதும், மற்றவன் பதில் சொல்வதும் போதனை இல்லை.

அப்படியானால் பயம் எங்கிருந்து வருகிறது? அதையும் நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் ஒரு கிறிஸ்துவ ஆசிரியை வாய் திறக்கவே யோசிப்பாள். நம்மவர்களுக்கோ இந்திரா காந்தி வழக்கு நெஞ்சில் இருக்கிறது. அந்தப் பிரதமர் இல்லை, அதே பெயருள்ள ஈப்போத் தாய் ஒருத்தி, தனக்குத் தெரியாமல் கணவன் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றியதை எதிர்த்து வருடக்கணக்கில் அலைந்தாள். இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தும் கைக்குழந்தையாகப் பிரிந்த மகள் அவள் கைக்கு உடனே வந்துவிடவில்லை. இதைப் பார்த்த பெற்றோருக்கு, வகுப்பில் மதம் என்ற பேச்சு எழுந்தாலே வயிறு கலங்கத்தான் செய்யும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கத்திய ஒரு அப்பாவிடம் நான் கோபப்படாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன். உங்கள் பிள்ளை இந்தக் கேள்வியை டீச்சர் முன்னால் கேட்பது நல்லதா, கழிவறைப் பக்கம் கேட்பது நல்லதா? வகுப்பில் மூடி வைத்தால் கேள்வி செத்துவிடாது. மூடி போட்ட பால் பொங்குகிற மாதிரி வேறு இடத்தில் பொங்கும், அங்கே அடுப்பை அணைக்க ஆள் இருக்காது. அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் கத்துவதை நிறுத்தினார்.

அந்தச் சின்ன டீச்சரைக் கூட்டம் முடிந்து கேன்டீனில் பிடித்தேன். அவள் செய்தது சரி, ஆனால் வெறுங்கையோடு இறங்கிவிட்டாள் என்று சொன்னேன். பிள்ளைகள் "எங்கள் வீட்டில்" என்று ஆரம்பிக்கட்டும், "உங்கள் மதத்தில்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். "கல்லையா கும்பிடுகிறீர்கள்" என்று வந்தால், "உங்களுக்கு அது என்ன?" என்று அவனையே மாற்றிக் கேட்க வைக்கலாம். யார் சரி என்று டீச்சர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, முகத்தில்கூட. இன்னொன்று முக்கியம்: பேச விருப்பமில்லாத பிள்ளையை விட்டுவிட வேண்டும். என் வகுப்பில் இருந்த ஒரே சீக்கியப் பையனுக்கு, வருடா வருடம் எவராவது ஒரு டீச்சர் தலைப்பாகையைப் பற்றிச் சொல் என்று எழுப்பிவிட்டு எழுப்பிவிட்டுச் சலித்துப்போனது. பத்து வயசில் ஒருவன் ஒரு மதத்துக்கே வக்கீலாக நிற்க முடியாது. அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். உஸ்தாஸா ஒருவரையும் கூட்டு சேர்க்கப் பார்க்கிறேன் என்றாள். நான் சொல்லாத யோசனை அது, நல்ல யோசனை.

நாம் இருவரும் வளர்ந்த விதம் உனக்கு நினைவிருக்கும். சிஸ்டர் உங்களை ஞானோபதேசத்துக்குக் கூட்டிப் போவார், நாங்கள் நூலகத்தில் கிடப்போம். ரெசஸில் நீ யோனா மீன் வயிற்றுக்குள் போன கதையைச் சொல்வாய், நான் பிரகலாதன் கதையைச் சொல்வேன், எந்தக் கதையில் ஆபத்து அதிகம் என்று சண்டை வரும். நோன்பு மாதத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கஞ்சி நம் இரண்டு வீட்டுக்கும் வரும். அந்தப் பள்ளிவாசலைச் சுற்றி, 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், இந்தப் பக்கம் குவீன் ஸ்திரீட் மாரியம்மன், எல்லாம் பொடிநடையில். தைப்பூசத்தில் சீனர்கள் லாரியில் தேங்காய் கொண்டுவந்து உடைக்கிறார்கள். தெருவில் இவ்வளவு பேச்சுவார்த்தை நடக்கிற ஊரில், வகுப்பறைதான் ஊமையாக இருக்கிறது.

இப்போது எனக்கு உன்னிடம் வேலை. சிங்கப்பூரில் 1984-ல் சமய அறிவுப் பாடத்தைக் கட்டாயமாகக் கொண்டுவந்து, ஐந்தாறு வருடத்திலேயே கைவிட்டார்களே, அப்போது நீ அங்கே பைபிள் பாடம் நடத்தியவள். பிள்ளைகளை மதவாரியாகப் பிரித்து, அவரவர் பாடத்தை அவரவர் எடுத்ததால் மதப் பற்று கூடி, பரப்புகிற வேகமும் கூடியது, அதனால் நிறுத்தினார்கள் என்றுதான் நான் படித்தேன். உள்ளே இருந்த உனக்கு அது அப்படித்தான் தெரிந்ததா? ஆரம்பத்தில் எல்லா மதங்களையும் பற்றிய பாடம் ஒன்றும் இருந்ததே, அதை ஏன் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கவில்லை? பெற்றோர் தடுத்தார்களா, பிள்ளைகளுக்கே பிடிக்கவில்லையா, நடத்த ஆசிரியர் இல்லையா? நான் அடுத்த கூட்டத்தில் பேசப்போவது இதை வைத்துத்தான். யாராவது சிங்கப்பூரைப் பார் என்று என் வாயை அடைப்பதற்கு முன்னால் எனக்கு விவரம் வேண்டும்.

கூட்டம் அடுத்த மாதக் கடைசியில். நீட்டி எழுத முடியாவிட்டால் குரல் பதிவாவது அனுப்பு, ஆனால் டிவி ஓடும்போது பேசாதே, போன முறை பாதி புரியவில்லை. அந்தக் காலத்துப் பாடப்புத்தகம் ஏதாவது அலமாரியில் கிடந்தால் என் மகள் வீட்டு விலாசத்துக்குப் போடு; என் தபால்பெட்டி மழைக்கு ஒழுகுகிறது.

அன்புடன்,
விஜயா