பரமேஸ்வரன் நம்ம பம்பாய்க்காரர் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பரம்வீர் சக்ரா, அதான் போர்க்கள வீரத்துக்கு நம்ம நாட்டுல குடுக்குற பெரிய விருது, அத வாங்கினவங்களப் பத்தி போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு மட்டும் ரெண்டே வரி, அதுலயும் சென்னைக்காரர்னு போட்டுட்டீங்க. ராணுவ ஆபீசர் ட்ரெய்னிங் சென்னையில எடுத்தாரே, அதனாலயோ என்னமோ. அவர் பொறந்தது 1946-ல இதே பம்பாயில, படிச்சது மாட்டுங்கா எஸ்ஐஇஎஸ் ஸ்கூல்ல, அப்புறம் எஸ்ஐஇஎஸ் காலேஜ். 1972-ல ராணுவத்துல மஹார் ரெஜிமென்ட்ல ஆபீசரா சேர்ந்தாரு.

1987 நவம்பர் 25, இலங்கை. டெல்லி அனுப்பின அமைதிப்படையில அங்க போயிருந்தாரு. தேடுதல் வேட்டை முடிச்சிட்டு ராத்திரி நேரத்துல ஆளுங்களக் கூட்டிட்டுத் திரும்பி வர்றாரு, வழியில புலிகள் பதுங்கியிருந்து சுட ஆரம்பிச்சுட்டாங்க. இந்த மாதிரி ஆம்புஷ்ல மாட்டிக்கிட்டா நின்ன எடத்துலயே படுத்துக்கிட்டு திருப்பிச் சுட்டா போதாது, அந்த எடமே அவங்க முன்னாடியே குறி வெச்சு வெச்ச எடம், இருக்க இருக்க ஒவ்வொருத்தரா விழுவாங்க. இவர் என்ன பண்ணாருன்னா சுத்திப் போயி அவங்களுக்குப் பின்பக்கமா பாஞ்சுட்டாரு, அவங்க அத எதிர்பார்க்கவே இல்ல. கைகலப்புல ஒருத்தன் நேரா நெஞ்சுல சுட்டுட்டான். குண்டு வாங்கின மனுஷன் அவன் கையில இருந்த ரைஃபிளையே பிடுங்கி அவனச் சுட்டாரு, அப்புறமும் உயிர் போற வரைக்கும் ஆர்டர் குடுத்துட்டே இருந்தாரு. எதிர்ல அஞ்சு பேர் செத்தாங்க, மூணு ரைஃபிள், ரெண்டு ராக்கெட் லாஞ்சர் கிடைச்சுது, கூட வந்தவங்களுக்கு வழி கிடைச்சுது. அப்போ அவருக்கு வயசு 41.

நம்மாளுங்க இவரப் பத்தி ஏன் பேசுறதில்லன்னு எனக்கும் தெரியும் சார். எதிர்ல இருந்தவங்களும் தமிழங்க. 1990-ல அமைதிப்படை திரும்பி மெட்ராஸ்ல வந்து இறங்கினப்போ முதல்வர் கருணாநிதியே வரவேற்கப் போகல. படைய அனுப்பினது தப்புன்னு எங்க வீட்டுலயே இன்னிக்கும் சண்டை வரும், நானும் அந்தப் பக்கம்தான். ஆனா அனுப்பினது டெல்லி, அந்த ராத்திரி அந்தப் பசங்களக் காப்பாத்தினது இவரு, ரெண்டையும் போட்டுக் குழப்பி இவரயே மறந்துட்டா எப்படி? மாட்டுங்கா பூ மார்க்கெட்டுல நம்ம மாமா ஒருத்தர்கிட்ட சொன்னேன், "அப்படியா, நம்ம ஸ்கூலா?"ன்னு கட்டிட்டிருந்த மாலைய அப்படியே மடியில வெச்சுட்டாரு, அவரும் அதே ஸ்கூல்ல படிச்சவருதான்!

அந்தமான்ல ஒரு தீவுக்கே 2023-ல இவர் பேர் வெச்சிருக்காங்க. நீங்க வர்ற நவம்பர் 25 அன்னிக்கு ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்க சார், விருது குடுத்தப்போ அரசாங்கம் எழுதின குறிப்பையும் தமிழ்ல முழுசா போடுங்க. அதுக்கு முன்னாடி அந்த 'சென்னைக்காரர்'ங்கறதுக்கு ஒரு திருத்தம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், மாட்டுங்கா, மும்பை